தசையில் கிளைகோஜன் பார்க்க எந்தச் சாயம்?

கிளைகோஜன் என்பது தசை தன் சர்க்கரையைச் சேமித்துவைக்கும் வடிவம். அதைப் பற்றி ஆய்வு மாணவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பன்னிரண்டு எலிகளின் சோலியஸ் என்ற கெண்டைக்கால் தசை மைனஸ் எண்பது டிகிரியில் இருக்கிறது. ஆறு ஓடிய எலிகள், ஆறு சும்மா இருந்தவை. கிளைகோஜன் எவ்வளவு குறைந்தது என்று காட்ட வேண்டும். பி.ஏ.எஸ். சாயம் போதுமா, கிளைகோஜனைப் பிடிக்கும் ஆன்டிபாடி வாங்கணுமா?"

"எவ்வளவு" என்று கேட்டுவிட்டுச் சாயத்தைத் தேடுவதில்தான் முதல் இடறல். எவ்வளவு என்பதைச் சோதனைக்குழாய் நன்றாகச் சொல்லும். எங்கே, எந்த இழையில் என்பதைச் சாயம் நன்றாகச் சொல்லும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆரம்பித்தவர்கள் ஆறு மாதம் ஸ்லைடு போட்டுவிட்டு, கடைசியில் மதிப்பீட்டாளர் கேட்கும் ஒரே ஒரு எண்ணைத் தர முடியாமல் நிற்பார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில், கேள்வியின் அளவு. மொத்தத் தசையிலா, ஒவ்வோர் இழையிலா, இழைக்குள் ஒரு மூலையிலா? மூன்றுக்கும் மூன்று கருவி.

இரண்டாவது, பார்ப்பது கிளைகோஜன்தானா, அல்லது அதைப் போலவே நிறமேறும் வேறு சர்க்கரையா?

மூன்றாவதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. கிளைகோஜன் இரட்டிப்பானால் நிறமும் இரட்டிப்பாகுமா, ஒரு கட்டத்துக்கு மேல் நின்றுவிடுமா?

நான்காவது, திசு ஏற்கெனவே எப்படி இருக்கிறது. உறைந்திருக்கிறதா, பாரஃபின் மெழுகு பிளாக்கில் இருக்கிறதா? இது முடிந்துபோன விஷயம் என்றால் பாதித் தேர்வும் முடிந்துவிட்டது. கடைசியாகப் பணமும் நேரமும் கைப்பழக்கமும்.

ஒரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வில் இருக்கும் மனிதத் தொடைத் தசையில் கிளைகோஜன், ஈர எடையில் கிலோவுக்குச் சுமார் 80 முதல் 100 மில்லிமோல் குளுக்கோஸ் அலகுகள். நூறு என்றே வைத்தால் 16 கிராம், அதாவது நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். 10 மில்லிகிராம் பயாப்ஸித் துண்டில் 160 மைக்ரோகிராம் இருக்கும். அதே தசையிலிருந்து 3 மில்லிமீட்டர் சதுரத்தில், 10 மைக்ரான் தடிமனில் ஒரு வெட்டு எடுத்தால் அதில் சுமார் ஒன்றரை மைக்ரோகிராம்தான் இருக்கும். அந்தத் துளியைத்தான் நிறமாக்கிப் பார்க்கிறோம்.

## பி.ஏ.எஸ்.: எல்லா லேபிலும் இருக்கும் பழைய தோழன்

பி.ஏ.எஸ். என்பது பெரியோடிக் அமிலம், ஷிஃப் இரண்டும் சேர்ந்த பெயர். 1946-இல் மெக்மானஸ் இதை மியூசின் என்ற சளிப்பொருளுக்காகப் பயன்படுத்தியதிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. பெரியோடிக் அமிலம், சர்க்கரை வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஹைட்ராக்சில் இருக்கும் இரண்டு கார்பன்களுக்கு நடுவே உள்ள பிணைப்பை வெட்டி, இரண்டு ஆல்டிஹைடுகளைத் திறந்துவிடும். நிறமில்லாத ஷிஃப் திரவம் அந்த ஆல்டிஹைடுகளைப் பிடித்துக்கொண்டு மெஜந்தா நிறத்துக்கு மாறும்.

பெஞ்சில் பார்த்தால் வேலை எளிது. அரை முதல் ஒரு சதவீதப் பெரியோடிக் அமிலத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம், கழுவு, ஷிஃபில் கால் மணி நேரம், அப்புறம் ஓடும் குழாய்த் தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம். ஷிஃபிலிருந்து எடுக்கும்போது வெளிறிய ரோஜா நிறத்தில் இருக்கும் வெட்டு, தண்ணீர் ஓட ஓடச் சிவந்து கருஞ்சிவப்பாகும். தண்ணீரைச் சிக்கனம் பிடித்து இரண்டு நிமிடத்தில் எடுத்தால் நிறம் அரைகுறையாக நிற்கும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் கோடை மாதங்களில் எங்கள் ஸ்லைடுகள் வெளிறிப்போன காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

இந்தச் சாயத்தால் உடற்பயிற்சி உடலியலில் பெரிய விஷயங்கள் தெரியவந்தன. 1968-இல் எட்ஸ்ட்ரோமும் குகெல்பெர்கும் எலியில் ஒரே ஒரு நரம்பு இழையைத் தூண்டி, அதற்குச் சொந்தமான தசை இழைகள் கிளைகோஜனைத் தீர்த்துவிட, பி.ஏ.எஸ். போட்டு வெளிறிய இழைகளை எண்ணினார்கள். ஒரு நரம்பு இழை எத்தனை தசை இழைகளை ஆள்கிறது, அவை எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்ற வரைபடம் அப்படி வந்தது. 1974-இல் கோல்னிக், பீல், சால்ட்டின் ஆகியோர் சைக்கிள் மிதித்தவர்களின் தொடைத் தசையில் எந்தத் தீவிரத்தில் எந்த வகை இழை முதலில் காலியாகிறது என்று காட்டினார்கள். மிதமான வேகத்தில் நீண்ட நேரம் மிதித்தால் மெதுவிழைகள் முதலில் வெளிறும். அரைத்துக் கரைத்த சோதனைக்குழாய்க்கு இது தெரிந்திருக்காது. பாதி இழைகள் காலி, பாதி நிரம்பியவை என்றாலும், எல்லாமே பாதிப் பாதி என்றாலும் அது ஒரே எண்ணைத்தான் தரும்.

இனி இதன் குறைகள்.

பி.ஏ.எஸ். கிளைகோஜனுக்கு மட்டுமான சாயம் அல்ல. அடித்தளச் சவ்வு, கிளைகோபுரதங்கள், மியூசின் எல்லாம் சிவக்கும். அதனால் பக்கத்து வெட்டை டயாஸ்டேஸ் என்ற நொதியில் ஊறவைத்துக் கிளைகோஜனைக் கரைத்துவிட்டு அதையும் சாயமேற்ற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கிளைகோஜன். டயாஸ்டேஸ் இல்லாத பி.ஏ.எஸ். படத்தை நான் அழகான படம் என்ற கணக்கில்தான் வைப்பேன். 37 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் போதும். டயாஸ்டேஸ் தீர்ந்துபோனால் எச்சிலும் வேலை செய்யும், அதில் இருப்பதும் அமைலேஸ்தானே. பழைய டெக்னீஷியன்கள் அப்படித்தான் சமாளித்தார்கள். பொடி பழசாகிச் செயலிழந்திருக்கலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் கல்லீரல் வெட்டு ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள். அதில் சிவப்பு போகவில்லை என்றால் தசையில் தெரிவதையும் நம்ப வேண்டாம்.

மூன்றாவதாக இன்னொரு ஸ்லைடு வேண்டும். நொதி இல்லாமல் வெறும் பஃபரில் அதே நேரம் ஊறியது. உறைவெட்டில் கிளைகோஜன் தண்ணீரிலேயே கொஞ்சம் போய்விடும் வாய்ப்பு உண்டு. அந்த இழப்பை நொதியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

டயாஸ்டேஸ் போட்ட ஸ்லைடைத் தூக்கி எறியாதீர்கள். கிளைகோஜன் போனபின் தந்துகிகள் என்ற நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் மட்டும் சிவப்பு வளையங்களாகப் பளிச்சென்று நிற்கும். தசையில் தந்துகி எண்ணுவதற்கே இந்த வழி பயன்பட்டிருக்கிறது.

பெரிய தொல்லை நிறச் செறிவு. இழை நிரம்பியிருக்கும்போது நிறம் ஒரு கட்டத்துக்கு மேல் ஏறாது. கண்ணால் "கருமை, நடுத்தரம், வெளிறல், வெறுமை" என்று தரம் பிரிப்பவருக்கு முழுதும் நிரம்பிய இழையும் முக்கால் நிரம்பிய இழையும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே காலியாவதைப் பார்க்கப் பி.ஏ.எஸ். கெட்டி. பயிற்சிக்குப் பின் மாவுச்சத்து உண்டு, வழக்கத்தைவிட அதிகமாக நிரம்புவதை அளக்க அது மோசம்.

தடிமனும் அப்படித்தான். உறைந்த திசுவை வெட்டும் கிரையோஸ்டாட் கருவி 10 மைக்ரான் என்று காட்டினாலும் கத்தி 12 வெட்டியிருக்கலாம். அந்த ஐந்தில் ஒரு பங்கு உங்கள் முடிவுக்குள் அப்படியே நுழைந்துவிடும். திங்கட்கிழமை ஒரு குழுவையும் வியாழக்கிழமை மறு குழுவையும் சாயமேற்றி, வித்தியாசம் கிடைத்ததென்று ஒரு மாணவி சந்தோஷமாக வந்தார். நடுவில் மூன்று நாள் ஷிஃப் பாட்டில் மூடி சரியாக இறுகாமல் இருந்திருக்கிறது. இரு குழுவின் தசையையும் ஒரே பிளாக்கில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து உறையவைத்து, ஒரே வெட்டில் எடுத்து, ஒரே ஸ்லைடில் சாயமேற்றிவிட்டால் இந்தக் கவலை பெரும்பாலும் போய்விடும்.

ஷிஃப் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஃபார்மலினில் சில சொட்டு விடுங்கள். சட்டென்று செம்மெஜந்தா ஆனால் சரி. தயங்கித் தயங்கி நீலம் கலந்த ஊதாவாக மாறினால் கொட்டிவிடுங்கள். குளிர்ப்பெட்டியில் இருட்டில் வைத்தும் பாட்டிலுக்குள்ளேயே ரோஜா நிறம் ஏறியிருந்தாலும் அதே கதி.

### ஒளிர்வில் அதே பி.ஏ.எஸ்.

ஷிஃப் நிறம் பச்சை ஒளியில் தூண்டினால் சிவப்பாக ஒளிரும். 2004-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை ஆன்டிபாடியோடு சேர்த்துக் காட்டினார்கள். ஒரே வெட்டில் இழையின் வகையும் கிளைகோஜனும். சாதாரண நுண்ணோக்கியில் பி.ஏ.எஸ். ஒரு வெட்டில், இழை வகை அடுத்த வெட்டில் என்று பார்த்து, எந்த இழை எது என்று கண்ணைக் கசக்கிப் பொருத்தும் தண்டனை மிச்சம். ஒளிர்வு நுண்ணோக்கி இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். மறைந்த செலவு என்னவென்றால், பார்க்கப் பார்க்க ஒளி மங்கும். அதனால் எல்லா ஸ்லைடையும் ஒரே நேரத்துக்கு ஒரே ஒளியளவில் படமெடுக்க வேண்டும். குளுட்டரால்டிஹைடில் பதமிட்ட திசு என்றால் அதிலுள்ள ஆல்டிஹைடே ஷிஃபைப் பிடித்துக்கொண்டு பின்னணி முழுக்கச் சிவக்கும். பெரியோடிக் அமிலம் போடாத ஒரு ஸ்லைடு வைத்தால் பொய் வெளிப்பட்டுவிடும்.

## பெஸ்ட் கார்மைன்: பூச்சிச் சாயம்

1906-இல் ஃபிரான்ஸ் பெஸ்ட் தந்தது. கார்மைன், பொட்டாசியம் கார்பனேட், பொட்டாசியம் குளோரைடு, தண்ணீர் எல்லாம் கொதித்து, ஆறி, வடிகட்டியபின் அம்மோனியா. கிளைகோஜன் கரும் சிவப்பு, மற்ற சர்க்கரைகள் பெரும்பாலும் சும்மா இருக்கும். பி.ஏ.எஸ்-ஐவிடச் சுத்தமான படம், அதில் சந்தேகமில்லை.

கார்மைன் வருவது கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து. அந்தப் பூச்சியை 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை சைதாப்பேட்டையில் வளர்க்க ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற கம்பெனி மருத்துவர் கள்ளித் தோட்டமே போட்டார். வந்து சேர்ந்தது காட்டு ரகம், நல்ல ரகம் கடைசிவரை வரவில்லை. ரகச் சிக்கல் இன்றும் தீரவில்லை. ஒரு பாட்டில் கார்மைன் போல அடுத்த பாட்டில் இருக்காது. அம்மோனியா ஆவியாகிக்கொண்டே இருப்பதால் கரைசலின் பலமும் நாளுக்கு நாள் மாறும். மிகையை எடுக்கும் கடைசிக் கழுவல், பழகிய கைக்கு மட்டும் ஒரே மாதிரி வரும்.

ஒரு நோயாளியின் ஒரு பயாப்ஸியில் "இது கிளைகோஜன்தானா" என்று உறுதிசெய்ய நல்லது. முப்பது மிருகங்களை எண்ணாக ஒப்பிட இதை எடுக்காதீர்கள்.

## அயோடின்

லூகோல் என்ற அயோடின் கரைசலில் கிளைகோஜன் செம்பழுப்பாகும். அதன் கிளைகள் குறுகியவை என்பதால் மாவுச்சத்தின் நீலம் வராது. ஒரு நிமிட வேலை, ஆனால் நிறம் நிற்காது, அளக்கவும் முடியாது. பிளாக்கில் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க மட்டும்.

## ஆன்டிபாடி

கிளைகோஜனைப் பிடிக்கும் ஒற்றைப்படி (மோனோக்ளோனல்) ஆன்டிபாடி இருக்கிறது. அதன் பெரிய பலம் நிறம் அல்ல, சேர்க்கை. ஒரே இழையில் கிளைகோஜன் ஒரு நிறம், மைட்டோகாண்ட்ரியா இன்னொரு நிறம், இழை வகை மூன்றாவது நிறம் என்று பார்க்கலாம். பி.ஏ.எஸ். தரும் மங்கல் சிவப்புக்கு இல்லாத கூர்மை கான்ஃபோக்கல் நுண்ணோக்கியில் கிடைக்கும்.

இதன் மறைந்த செலவுதான் பலரைக் கவிழ்க்கிறது. பரவலாகப் பேசப்படும் குளோன் சுண்டெலியில் உருவான ஐ.ஜி.எம். வகை ஆன்டிபாடி. அதனால் வழக்கமாக ஃப்ரீசரில் இருக்கும் ஐ.ஜி.ஜி. வகையைப் பிடித்து நிறம் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடி வேலைக்கு ஆகாது, தனியாக வாங்க வேண்டும். சுண்டெலித் தசையில் போட்டால் அந்த இரண்டாம் ஆன்டிபாடி திசுவில் இருக்கும் சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடிகளையும் பிடித்துப் பின்னணி எரியும். இறக்குமதிச் சரக்கு குளிர்ச்சி குலையாமல் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், ஆராய்ச்சி நிதி ஆண்டின் கடைசியில் ஆர்டர் போட்டவர்களைக் கேளுங்கள். டயாஸ்டேஸ் கன்ட்ரோல் இங்கேயும் தேவை. ஆன்டிபாடி என்றதும் அதை விட்டுவிடும் பழக்கம் ஏனோ வந்துவிட்டது.

மனிதப் பயாப்ஸியில், "இழைக்குள் எந்த அமைப்பின் பக்கத்தில்" என்ற கேள்விக்கு இது ஏற்றது. குறைந்ததா இல்லையா என்று மட்டும் கேட்பவருக்கு வீண் செலவு.

## எலெக்ட்ரான் நுண்ணோக்கி

தசையில் கிளைகோஜன் ஏறத்தாழ 15 முதல் 40 நானோமீட்டர் வரையான தனித்தனி மணிகளாக இருக்கும். கல்லீரலில் போலக் கொத்துப் பூவாகச் சேராது. இழையின் சவ்வுக்கு அடியில், நுண்ணிழைகளுக்கு நடுவே, நுண்ணிழைக்கு உள்ளே என்று மூன்று கிடங்கு. மொத்தத்தில் பெரும்பங்கு நடுவில்தான். உள்ளே இருப்பது சொற்பம் என்றாலும் களைப்போடு அதற்குத்தான் நெருக்கமான உறவு என்று டென்மார்க் ஆய்வுகள் சொல்கின்றன. இந்தக் கிடங்குகளைப் பிரித்து எண்ண வேறு வழி கிடையாது. ஆனால் ஒரு பயாப்ஸிக்கு ஆறேழு இழை, ஒவ்வொன்றிலும் பல படம், ஒவ்வொரு படத்திலும் புள்ளிக் கட்டம் வைத்து எண்ணல். முனைவர் பட்டத்தின் ஓர் அத்தியாயம் முழுக்க இதற்கே போகும், போனால் பரவாயில்லை என்பவர்கள் மட்டும் இறங்கலாம்.

## சாயமே வேண்டாம்: சோதனைக்குழாய்

தசையை உலர் உறைநிலையில் காயவைத்து, ரத்தம், கொழுப்பு, இணைப்புத் திசு எல்லாம் ஊசியால் நீக்கி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் கிளைகோஜன் குளுக்கோஸாக உடையும். அதை ஹெக்சோகைனேஸ் நொதி முறையில் 340 நானோமீட்டர் ஒளியில் படிக்கலாம். ஒன்றிரண்டு மில்லிகிராம் உலர் தசை போதும். 1966-இல் பெர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் ஒரே சைக்கிளில் ஆளுக்கு ஒரு காலால் மிதித்து, பின்னர் மாவுச்சத்து உண்டபோது உழைத்த காலில் மட்டும் கிளைகோஜன் வழக்கத்தைவிட மேலே ஏறுவதைக் கண்டது ஊசிப் பயாப்ஸியும் வேதிக் கணக்கும் சேர்ந்த வழியில்தான். செறிவு நின்றுபோகும் சாயத்தை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஏற்றம் கையில் சிக்கியிருக்குமா என்பது சந்தேகமே.

ஈர எடையில் கணக்கிடாதீர்கள். ஓடியபின் தசையில் தண்ணீர் ஏறும், கிளைகோஜன் மாறாமலே எண் இறங்கும்.

## ஒரே பார்வையில்

| முறை | எதற்குச் சிறப்பு | எண் தருமா | திசு | எங்கே காலை வாரும் |
|---|---|---|---|---|
| பி.ஏ.எஸ். + டயாஸ்டேஸ் | காலியான இழைகளைக் காண | ஒப்பீடு மட்டும் | உறைவெட்டு நல்லது | நிரம்பியபின் நிறம் நின்றுவிடும் |
| ஒளிர்வு பி.ஏ.எஸ். | இழை வகையோடு சேர்த்துப் பார்க்க | ஓரளவு | உறைவெட்டு | ஒளி மங்கல் |
| பெஸ்ட் கார்மைன் | தனி நோயாளியில் உறுதிப்படுத்த | இல்லை | இரண்டும் | பாட்டிலுக்குப் பாட்டில் மாறும் |
| ஆன்டிபாடி | பிற அமைப்புகளோடு இடம் காண | ஓரளவு | உறைவெட்டு | விலை, சுண்டெலித் திசுவில் பின்னணி |
| எலெக்ட்ரான் நுண்ணோக்கி | மூன்று கிடங்குகள் | ஆம், மெதுவாக | பிசின் பிளாக் | நேரம் |
| அமில நீர்ப்பகுப்பு | மொத்த அளவு | ஆம் | உறைந்த துண்டு | எந்த இழை என்று தெரியாது |

## நோய் கண்டறிபவருக்குத் தனியாக

மேலே சொன்ன ஒழுங்கு நோயறிதலில் மாறும். போம்பே (Pompe) நோயில், அதாவது லைசோசோமின் ஆசிட் மால்டேஸ் இல்லாத நிலையில், கிளைகோஜன் வெற்றறைகளுக்குள் தேங்கும். ஃபார்மலின், பாரஃபின் வழியில் அது கழுவிப் போய் ஓட்டை மட்டும் மிஞ்சலாம். அங்கே பிசினில் பதித்த ஒரு மைக்ரான் வெட்டில் பி.ஏ.எஸ். போட்டால்தான் நிஜம் தெரியும். கிளைகோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் நொதி இல்லாத மெக்கார்டல் நோயில் சவ்வுக்கு அடியில் கிளைகோஜன் கொப்புளம்போல் ஒதுங்கும், சாதாரணப் பி.ஏ.எஸ். போதும், பாஸ்பாரிலேஸ் சாயத்தையும் கூடவே போடுங்கள்.

டயாஸ்டேஸே ஏமாற்றும் இடமும் உண்டு. கிளைவிடும் நொதி இல்லாத நான்காம் வகைக் கிளைகோஜன் சேமிப்பு நோயிலும், குதிரைகளில் காணும் பாலிசாக்கரைடு தசை நோயிலும், உருவாகும் சர்க்கரை நொதிக்குக் கரையாது. "டயாஸ்டேஸுக்குப் பின்னும் சிவப்பு, ஆகவே கிளைகோஜன் அல்ல" என்று எழுதிவிட்டால் நோயையே கோட்டைவிட்டதாகிவிடும். அந்தச் சிவப்பே நோயின் அடையாளம்.

## உறையவைக்கும் நிமிடம்

எந்தச் சாயம் என்பதைவிட இது பெரிது. வெட்டியெடுத்த தசை உயிரோடு இருக்கும்வரை கிளைகோஜனைத் தின்றுகொண்டே இருக்கும். கிளைகோஜன் போகாமலிருக்க வேகம் வேண்டும். படம் கெடாமலிருக்கக் குளிரும் விதம் வேண்டும். நான் தொடக்கத்தில் தசைத் துண்டை நேராகத் திரவ நைட்ரஜனில் போட்டேன். துண்டைச் சுற்றி வாயுப் போர்வை உருவாகிக் குளிர் மெதுவாகவே உள்ளே போனது. பனிப்படிகங்கள் கிழித்த இழைகள் நுண்ணோக்கியில் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தன. வெற்றறை நோய் என்று ஒருவர் எழுதவே ஆரம்பித்துவிட்டார். நைட்ரஜனில் வைத்துக் குளிரூட்டிய ஐசோபென்டேன் திரவம், அடியில் வெள்ளையாகத் திடமாகத் தொடங்கும் நேரத்தில், அதில் துண்டைப் போட்டால் இந்தச் சேதம் இல்லை.

அந்தப் பன்னிரண்டு எலிகளுக்கு என் பதில்: ஒவ்வொரு சோலியஸையும் உருகவிடாமல் இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதி அமிலத்துக்கு, ஒரு பாதி கிரையோஸ்டாட்டுக்கு. ஓடியதும் ஓடாததும் ஒரே பிளாக்கில். ஒவ்வொரு பிளாக்கிலும் மூன்று ஸ்லைடு: பி.ஏ.எஸ்., டயாஸ்டேஸ், வெறும் பஃபர். படமெடுக்கும்போது கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலையை (white balance) அணைத்துவிடுங்கள். ஆன்டிபாடிக்கான பணத்தை வைத்திருங்கள், ஸ்லைடைப் பார்த்தபின் ஒரு கேள்வி எழுந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம்.